‘நம்புகிறேன்’ பொத்தான்

ஓடுபாதையின் முனையைத் தாண்டி விமானம் மேகத்துக்குள் நுழைந்த மறுகணமே திரையில் சிவப்பு எழுத்துகள் ஓடின.

"அக்கா, நாம நாலு கிலோமீட்டர் பின்னால இருக்கோமாம். இன்னும் மேலயே ஏறலையாம்," என்றான் துணை விமானி நவ்ஃபல்.

"அப்போ இந்த மேகமெல்லாம் ஓடுபாதையிலயா முளைச்சுது?" என்றாள் கேப்டன் ஜெசிந்தா. கேட்டபடியே கட்டுப்பாட்டுத் தண்டைத் திருப்பிப் பார்த்தாள். அது இறுகிக் கிடந்தது. அயலறி அவள் கையிலிருந்து விமானத்தைப் பிடுங்கிக்கொண்டுவிட்டது.

சூரியப் புயலில் செயற்கைக்கோள்கள் ஊமையாகிப் போனபின் வந்தது அயலறி. எந்த விமானமும் தான் இருக்கும் இடத்தைத் தனியாக முடிவு செய்வதில்லை. சுற்றியுள்ள விமானங்களைக் கேட்கும், தூரத்தை அளக்கும். பெரும்பாலானவை ஒத்துக்கொண்டதே உண்மை. ஒத்துப்போகாத விமானம் பழுதானது. அதை அயலறியே ஓட்டும். இருபது ஆண்டுகளில் ஒருமுறைகூட அது தவறியதில்லை என்று ஜெசிந்தாவே பயணிகளிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

எதிரே மேகத்துக்குப் பின்னால் கழுகுமுடி மலை. நாற்பது விநாடியில் இடப்பக்கம் திரும்பியாக வேண்டும். அயலறியின் கணக்கில் அதற்கு எண்பது விநாடி இருந்தது. பின்னால் நூற்று முப்பத்து நான்கு பேர் இருக்கை வாரைக் கழற்றக் காத்திருந்தார்கள்.

"புது முனையம்!" நவ்ஃபல் நெற்றியில் அடித்துக்கொண்டான். "நேத்து ஆறு விமானத்தைப் புது நிறுத்துமேடைக்கு இழுத்துட்டுப் போனாங்க இல்ல? ராசியான எண்ணுன்னு பழைய மேடை எண் பலகைகளையே பெயர்த்துட்டுப் போய், பூஜை போட்டு நட்டாங்களே! நிக்கற விமானம் எதிர்ல இருக்கற எண்ணைப் படிச்சு, பட்டியலைப் பார்த்துத்தானே தன் இடத்தைத் தெரிஞ்சுக்கும்? பட்டியல்ல அந்த எண்ணுக்குப் பழைய இடம்தான் இருக்கும். ஆறும் ஒரே பொய்யைச் சொல்லுது."

"பொய்யில்லைப்பா. அதுகளுக்குத் தெரியாது."

காலையில் வேறு ஊரிலிருந்து, வழியெல்லாம் மற்ற விமானங்களோடு தூரத்தை அளந்தபடி வந்த விமானம் என்பதால் ஜெசிந்தாவுடையது மட்டும் தன் இடத்தைச் சரியாக அறிந்திருந்தது. அதுவே அதன் குற்றமாகிவிட்டது.

விடுபட ஒரே வழி. வேறொரு விமானி தன் விமானத்தில் ‘நம்புகிறேன்’ என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் அவருடைய விமானமும் பழுதானதாகக் கருதப்பட்டு அன்று முழுக்க முடங்கும். சட்டத்துக்காக வைத்த பொத்தான், யாரும் தொட்டதில்லை.

'மாதாவே' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு அவள் வானொலியை அழுத்தினாள்.

"மேடையில இருக்கற எல்லா விமானிகளுக்கும். நான் கேப்டன் ஜெசிந்தா. அயலறி எங்க இடத்தைத் தப்பாக் காட்டுது. எதிர்ல மலை. யாராவது ஒருத்தர் என்னை நம்புங்க. தயவுசெஞ்சு."

இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு ஒரு கரகரத்த குரல்.

"மேடை ஏழு, நன்மாறன் பேசறேன். என் திரையில நீங்கதாம்மா தப்பு."

"தெரியும் சார்."

"சரி, அழுத்திட்டேன். திரும்புங்கம்மா, திரும்புங்க!"

தண்டு இளகியது. விமானம் இடப்பக்கம் சரிந்தது. மேகம் ஒரு கணம் கிழிந்தபோது வலப்பக்கச் சன்னலில் மழையில் நனைந்த பாறையும், அதன் இடுக்கில் நின்ற ஒரு மரமும் தெரிந்தன. இலைகளை எண்ணியிருக்கலாம்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றான் நவ்ஃபல்.

தரையிறங்கியதும் அவள் நன்மாறனை அழைத்தாள். மறுமுனையில் அவருடைய பயணிகள் கத்திக்கொண்டிருந்தது கேட்டது.

"சார், நாங்க ஏறினதைப் பார்த்தீங்களா?"

"எங்கம்மா பார்க்கிறது? எனக்கு நேரா சாப்பாட்டு வண்டிதான் நிக்குது."

"அப்புறம் எப்படி?"

"நீங்க தப்பா இருந்தா எனக்கு ஒரு நாள் நட்டம். நீங்க சரியா இருந்து நான் சும்மா உட்கார்ந்திருந்தா? ... இருங்கம்மா, இங்க ஒருத்தர் என் சட்டையைப் பிடிக்க வர்றாரு."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

நிறுத்துமேடைப் பட்டியலை அன்றே திருத்திவிட்டார்கள். அயலறியைச் செய்த பொறியாளர்கள் அத்தோடு விடவில்லை; அந்தப் பொத்தானை இனி இயந்திரமே அழுத்தட்டும் என்று எண்ணினார்கள். சோதனைக்கூடத்தில் ஐம்பது அயலறிகளை வைத்து, ஒன்றை மலைக்கு எதிரே நிறுத்தி உதவி கேட்க வைத்தார்கள். மற்ற நாற்பத்தொன்பதும் கணக்குப் போட்டன. கேட்பது சிறுபான்மை, அழுத்தினால் தனக்கு ஒரு நாள் நட்டம். ஒன்றுகூட அழுத்தவில்லை. எத்தனை முறை திருத்தினாலும், எல்லாரையும் நம்பின, அல்லது ஒருவரையும் நம்பவில்லை.

மறு ஆண்டு முதல் விமானிகளே வேண்டாம் என்றிருந்த முடிவு கைவிடப்பட்டது. ஜெசிந்தாவுக்குப் புதிய பணி ஆணை வந்தது. விமானத்தை இயந்திரம் ஓட்டும். அருகிலுள்ள விமானத்தின் விமானி உதவி கேட்டால் அவர் குரலைக் கேட்டு முடிவெடுப்பது மட்டுமே அவள் வேலை.

மாதாவுக்கு நன்றி சொல்லிவிட்டு அவள் கையெழுத்திட்டாள். ஆணையின் அடியில் ‘இதற்கான பயிற்சி’ என்றொரு கட்டம் இருந்தது. அதில் என்ன எழுதுவதென்று தெரியாமல் அதிகாரிகள் வெறுமையாக விட்டிருந்தார்கள்.