மறைக்காமல் எழுதிய கடிதம்

“சாப்பாடு வயிறு நிறையக் கிடைக்கிறது” என்று தேவசகாயம் போர்முனையிலிருந்து எழுதியிருந்தான். தூத்துக்குடி அஞ்சலகத்து உள்ளுரைமானி அந்த வரியின்மேல் ஒளியை ஓடவிட்டு, அவன் எழுதாமல் விழுங்கியதைத் திரையில் காட்டியது: ‘நேற்று முழுப் பட்டினி.’

“பாத்தீங்களா அண்ணாச்சி? இந்த மனுசன் பேனாவ எடுத்தாலே பொய்யி!” அவன் மனைவி ஜெபராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“எல்லாரும் அப்படித்தாம்மா எழுதுதாவ,” என்றார் எழுத்தர் இசக்கியப்பன்.

பேனா எங்கே அழுந்தியது, எங்கே தயங்கியது என்று பார்த்தே மனத்தில் அடக்கியதைப் படித்துவிடும் கருவி அது. பழைய போர்க்காலக் கடிதங்களைப் படிக்க வரலாற்றாசிரியர்கள் செய்தது. யார் பட்டினி கிடந்தார்கள், யார் அழுதார்கள் என்று கண்டுபிடித்துப் புத்தகம் போட்டார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். எதிரி வானலைகளை முடக்கியதால் இந்தப் போரில் எல்லாரும் மறுபடி காகிதத்துக்கு வந்தார்கள். போகிற கடிதம், வருகிற கடிதம் எல்லாவற்றையும் சோதிக்க அரசு ஊர் ஊராகக் கருவியை வைத்துவிட்டது.

போர்முனையிலும் ஒன்று இருந்தது. ‘குண்டுச் சத்தம் இந்தப் பக்கம் கேட்பதே இல்லை’ என்று இவள் எழுதினால், அவன் அங்கே உண்மையைப் படித்துவிட்டுச் சண்டைக்கு வந்தான். இவளும் விடவில்லை. ஒருவர் பொய்யை ஒருவர் பிடிப்பதிலேயே மாதங்கள் போயின.

அடுத்த கடிதம் வேறு யாரோ கையெழுத்தில் வந்தது.

“ஆள வச்சு எழுதுதாரு! மெஷின ஏமாத்துதாராம்!” ஜெபராணி கொதித்தாள். “வைங்க அண்ணாச்சி, எழுதுன ஆளு லட்சணத்தையும் பாப்போம்.”

‘வெயில்தான் கொஞ்சம் அதிகம்’ என்ற வரியில் ஒளி ஓடியது. திரையில் வந்தது: ‘வலது கை போனதை எழுதாதே என்கிறான். பாவி, எப்படி எழுதாமல் இருப்பது?’

ஜெபராணி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். இத்தனை நாள் அவனோடு மல்லுக்கட்டியதை நினைக்க அவள்மேலேயே அவளுக்கு வெறுப்பாக இருந்தது. பிறகு தாள் வாங்கி எழுதினாள்.

‘உங்கள் கை போனது தெரியும். இங்கே குண்டு விழுந்து சமையலறை போய்விட்டது. எனக்குப் பயமாக இருக்கிறது. தினமும் அழுகிறேன். இனி உங்களிடம் எதையும் மறைக்க மாட்டேன். வந்துவிடுங்கள்.’

இசக்கியப்பன் அதைக் கருவியில் வைத்தார். திரையில் ஒன்றும் வரவில்லை. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார்.

“இது போவாதும்மா.”

“ஏன்?”

“எதிரி எந்திரத்த வச்சு எழுதுத போலிக் கடிதத்துக்குத்தான் உள்ளுரை வராது. அப்படி வந்தா எரிச்சிரணும்னு உத்தரவு.”

“உங்க கண்ணு முன்னாலதான எழுதுனேன்?”

“நான் பாத்தது செல்லாதும்மா. கருவி பாக்கணும்.”

அவள் கத்தினாள். மேசையைத் தட்டினாள். அதுவரை அவள் அனுப்பிய பொய்களில் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. வெளியே தபால் வண்டி கிளம்பத் தயாராக இருந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு தாளின் கடைசியில் ஒரு வரி சேர்த்தாள்: ‘என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். நான் தைரியமாக இருக்கிறேன்.’

திரை நிரம்பி வழிந்தது.

“இப்ப சரியாயிட்டும்மா,” என்று இசக்கியப்பன் முத்திரை குத்தினார்.