மே மாதமும் பசிக்கும்

பாம்பனில் எங்கள் தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட எனக்கே துர்காதேவி டீச்சர் ஊரைவிட்டுப் போகப்போகிற செய்தி தாமதமாகத்தான் வந்தது. கொண்டுவந்தவள் பக்கத்து வீட்டு மாஷிதா. நாலாம் வகுப்பு.

"டீச்சருக்குத் தற்காலிக வேலையாம். மே மாச லீவுல சம்பளம் கிடையாதாம். காய்ச்சல்னு படுத்தாலும் கிடையாதாம். அதான் இராமநாதபுரத்துல ஒரு தனியார் பள்ளிக்கூடத்துக்குப் போறாங்களாம்."

அவள் மூக்கு சிவந்திருந்தது.

"அழுதியா?"

"இல்ல. மிளகாயைக் கடிச்சிட்டேன்."

நம்பியதுபோல நானும் தலையாட்டினேன்.

டீச்சர் வேலை பார்க்கும் எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் மின்விசிறி உண்டு, சுற்றாது. கூரையும் உண்டு, ஒழுகும். ஆண்டு விழாவுக்கு எம்.எல்.ஏ. வருகிறார், அடுத்த வாரம் சட்டசபை கூடுகிறது என்று தெரிந்ததும் பெற்றோர்கள் கூடிப் பேசினார்கள். பள்ளிக்கு நிதி, டீச்சர்களுக்கு மே மாதச் சம்பளம். இரண்டுக்காகவும் சபையில் பேசும்படி அவரிடம் கேட்க வேண்டும்.

கேட்கும் பொறுப்பு பெற்றோர்களில் ஒருவரான ஹமீது சுல்தானுக்கு. அவருக்குப் பெரிய குரல். மைக்கைப் பார்த்தால் இன்னும் பெரிதாகும்.

ஆனால் அவருக்கு வேறு கவலை வந்துவிட்டது.

"வர்ற விருந்தாளிய ஒழுகுற கூரைக்குக் கீழயா உக்கார வைக்கிறது? ஊரு மானம் என்னாகும்?"

லாட்ஜிலிருந்து நாலு ஃபேன் வந்தன. சோபா வந்தது. ஓட்டைக் கூரையை மறைத்து மஞ்சள் பந்தல் துணி கட்டினார்கள். பள்ளிக்கூடம் கல்யாண மண்டபமாகிவிட்டது. பிரியாணி மட்டும்தான் பாக்கி. நான்கூட இரண்டு தடவை மோந்து பார்த்தேன்.

எம்.எல்.ஏ. வந்தார். சுற்றிப் பார்த்தார்.

"அடடா, தனியார் பள்ளிக்கூடமே தோத்துடும் போலிருக்கே! ஏதாவது குறை இருக்கா பாய்?"

ஹமீது சுல்தான் மைக்கைப் பிடித்தார். "அல்லாஹ் கிருபையில ஒரு குறையும் இல்லீங்க!"

சால்வைத் தட்டுடன் நின்ற மாஷிதா அவர் சட்டையை இழுத்தாள். "மாமா, சம்பளத்தக் கேளுங்க!"

"சும்மா இரு புள்ள! வந்தவுகளுக்கு இன்னும் சர்பத்தே கொடுக்கல."

சத்தம் கேட்டு எம்.எல்.ஏ. திரும்பினார். விழாவுக்கு வருகிற எல்லோரும் பிள்ளைகளிடம் கேட்கிற கேள்வியை அவரும் கேட்டார்.

"பாப்பா, பெரியவளாகி என்ன ஆகப்போறே?"

மாஷிதா ஓரமாக நின்ற துர்காதேவி டீச்சரைப் பார்த்தாள்.

"டீச்சராகத்தான் ஆசை சார். ஆனா எனக்கு மே மாசமும் பசிக்குமே!"

கூட்டம் சிரித்தது. எம்.எல்.ஏ.வும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"என்னம்மா சொல்றே?"

மாஷிதா எல்லாவற்றையும் சொன்னாள். மூச்சு வாங்கிக்கொண்டு மிச்சத்தையும் சொன்னாள்.

"இந்த ஃபேனெல்லாம் சாயங்காலம் லாட்ஜுக்குப் போயிரும் சார். அந்தத் துணிய விலக்கிப் பாருங்க, மேகம் தெரியும்."

எம்.எல்.ஏ. எழுந்து துணியை விலக்கினார். மேகம் தெரிந்தது. என்னைப் போலவே வேடிக்கை பார்க்க வந்த ஒரு காக்காயும் தெரிந்தது.

"உண்மையா டீச்சர்?"

"உண்மைதான் சார். எனக்குப் போக மனசில்ல. இங்கனயே இருக்கத்தான் ஆசை," என்றார் டீச்சர் மெதுவாக.

"என்ன பாய், குறையே இல்லைன்னீங்க?"

ஹமீது சுல்தான் நெளிந்தார். "விருந்தாளிகிட்டப் போயி குறை சொன்னா மரியாதையா இருக்காதுல்ல…"

"நான் விருந்தாளியா பாய்? இதையெல்லாம் பேசத்தானே ஓட்டுப் போட்டு அனுப்பினீங்க?"

அடுத்த வாரம் பிள்ளைகள் எல்லோரும் ஒரே செல்போனைச் சுற்றி மொய்த்தார்கள். திரையில் எங்கள் எம்.எல்.ஏ. எழுந்து நின்றார்.

"எங்க ஊரு பாப்பா ஒருத்தி கேக்குறா. மே மாசம் டீச்சர்களுக்குப் பசிக்காதா?"

விசில் பறந்தது. "எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது," என்று ஹமீது சுல்தான் தெருத்தெருவாகச் சொன்னார். கேட்டவர்கள் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார்கள்.

பள்ளிக்கு நிதி வந்தது. மே மாதம் டீச்சருக்குச் சம்பளமும் வந்தது.

ஜூனில் பள்ளி திறந்தபோது, ஐந்தாம் வகுப்பு வாசலில் துர்காதேவி டீச்சர் நின்றார். பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள்.

"சரி சரி, உக்காருங்க. முதல்ல ஒரு கணக்குப் பரீட்சை!"

மாஷிதா தலையில் கை வைத்தாள். ஜன்னலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த என்னிடம், "கொஞ்சம் அவசரப்பட்டுட்டேனோ?" என்று கிசுகிசுத்தாள்.

வாய் அப்படிச் சொன்னது. ஆனால் வகுப்பிலேயே முதலில் பென்சிலைச் சீவி முடித்தவள் அவள்தான்.