ஆறிய இடம்

அம்மா அந்தத் துண்டுத் தோலுக்கு மட்டும் எண்ணெய் தடவுகிறாள் என்பதை ஆரணி பல நாட்கள் கழித்தே கவனித்தாள்.

அது ஆரணியின் இடது முன்கையில் இருந்தது. உள்ளங்கை அகலம். ஓட்டோ கவிழ்ந்து கைகால்கள் உரிந்துபோனபோது இரட்டைச் சகோதரி உஷாந்தி தன் தொடையிலிருந்து கொடுத்தது. "என்ர தோல். கவனமா வைச்சிரு, திருப்பிக் கேப்பன்" என்று ஆஸ்பத்திரியில் சிரித்தாள். வைகாசியில் டெங்கு அவளைக் கொண்டுபோயிற்று.

செத்தவீட்டுக்கு வந்தவர்கள் போன பின், வெள்ளவத்தை ஃபிளாட்டில் ரயில் சத்தமும் சுவர்களில் கசியும் உப்பு ஈரமும் அம்மாவின் முனகலும் மட்டும் மிஞ்சின. ஆறுதலாக எதையாவது சொல்லவேண்டியிருந்தது. களனிப் பல்கலைக்கழகத்தில் படித்த உயிரியல்தான் ஆரணிக்கு வாயில் வந்தது. மேல்தோல் உதிர்ந்துகொண்டே இருக்கும். அடியில் உள்ள ஸ்டெம் செல்கள் பிரிந்து பிரிந்து புதுத்தோல் செய்யும். காயம் பட்டால் பக்கத்திலிருந்து நகர்ந்து வந்து மூடும். இந்தத் துண்டில் அவை உஷாந்தியுடையவை.

"அப்ப அவள் முழுசாச் சாகேல்லை" என்றாள் அம்மா.

ஆரணி மறுக்கவில்லை. அன்றிரவு அம்மா முதல்தடவையாகச் சாப்பிட்டாள்.

ஆவணியில், சட்டை அயன் பண்ணும்போது, துண்டின் ஓரத்தை ஒட்டிய ஆரணியின் சொந்தத் தோல் சுட்டுப்போயிற்று. ஆறியது. ஆறிய பின் பழைய தழும்புக்கோட்டைக் காணவில்லை. துண்டு அகன்றிருந்தது. புது இடத்தின் நடுவில் கடுகளவு மச்சம்.

உஷாந்தியின் இடது கன்னத்தில் இருந்த மச்சம். அதை வைத்துத்தான் சொந்தக்காரர் இருவரையும் பிரித்தறிந்தார்கள்.

மச்சம் எவருக்கும் வரும் என்று ஆரணி தனக்குள் சொல்லிக்கொண்டாள். அம்மா அதைத் தடவிப் பார்த்தாள். ஆரணியின் முகத்தைப் பார்க்கத் தொடங்கினாள். சாப்பிடும்போது. தலை வாரும்போது. சட்டைக்குத் துணி அளப்பவளைப்போல.

ஒரு அந்தி மழையில் கரண்ட் போயிற்று. குசினியில் காஸ் அடுப்பின் நீலம் மட்டும். கேத்தலின் மூடி தடதடத்தது. தேத்தண்ணியாக்கும் என்று ஆரணி உள்ளே போனாள்.

கோப்பைகள் இல்லை.

அம்மா கேத்தலைத் தூக்கினாள். மறுகையால் ஆரணியின் தாடையைப் பிடித்தாள், சின்னவயதில் பொட்டு வைக்கப் பிடித்ததுபோல. மெதுவாக.

"கொஞ்ச நேரந்தான். ஆறிடும். அவள் வந்து மூடுவாள்."

"அம்மா, நான் ஆரணி."

"தெரியும், பிள்ளை."

அம்மா அழுதுகொண்டிருந்தாள். ஆவி ஆரணியின் கன்னத்தில் பட்டது. தடுக்க ஆரணி இடது கையை உயர்த்தினாள். அம்மா தாடையை விட்டு அந்தக் கையைப் பற்றினாள். மச்சத்தில் உதடுகளைப் பதித்தாள்.

கேத்தலின் மூக்கு கன்னத்தை நோக்கிச் சரிந்தது.