சாம்பல் மேல் ஒரு சாவு

டொக்! டொக்! டொக்!

யார்க்ஷயர் மேட்டு நிலத்தில், ஆல்டர்கீல்டு மடத்துப் பண்ணையில் மரப்பலகை அலறியது.

யாராவது சாகக் கிடந்தால்தான் அதைத் தட்டுவார்கள். உழவுத் துறவிகள் அத்தனை பேரும் ஏரைப் போட்டது போட்டபடி ஓடி வந்தார்கள்.

தாமதம்!

களஞ்சியத்தில் பண்ணைத் தலைவர் ஓஸ்பர்ட் மல்லாந்து கிடந்தார். மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் ரத்தக்கறையோடு ஒரு கதிரடிக்கும் தடி...

மதியம் மடத்திலிருந்து கோவேறு கழுதையில் வந்து இறங்கினார் செர்லோ. மடத்துப் பண்ணைகள் எல்லாம் அவர் பொறுப்பு. பசி வேறு. எரிந்து விழுந்தார்.

"பொணத்தை முதல்ல பாத்தது யாரு?"

"நான்தான் சாமி..." ரொட்டி சுடும் துறவி தர்ஸ்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "காலைல மாவெடுக்க வந்தேன். ஜில்லுனு கெடந்தாரு! உசுரு போயி ரொம்ப நேரம் ஆயிருக்கும். உடனே ஓடிப்போய்ப் பலகையத் தட்டினேன்."

"தடி?"

"கேமலோடது! நம்ம கூலிக்காரன்! நேத்து ஓஸ்பர்ட்கூட என்னா சண்டை போட்டான் தெரியுமா?"

தூணில் கட்டப்பட்டிருந்த கேமல் வெடித்தான்.

"சண்டை போட்டேன் சாமி! நொண்டி எருதை ஏர்ல பூட்டச் சொன்னா, பின்ன கொஞ்சவா முடியும்? ஆனா சத்தியமா கொல்லல! ஷெரீப் கையில குடுத்தீங்கன்னா தூக்குதான் சாமி... மூணு புள்ளைங்க எனக்கு!"

செர்லோ பிணத்தைப் புரட்டினார்.

அடியில் ஒரு கோணி. கோணி மேல் சாம்பல்... சிலுவை வடிவில்!

"தர்ஸ்டன், இது யாரு வேலை?"

"அது... நம்ம சபை வழக்கம்தானே சாமி..."

"யாருக்கு வழக்கம்? உசுரு இழுத்துக்கிட்டு இருக்கறவருக்கு! செத்தவரைக் குளிப்பாட்டுவோம், சாம்பல்ல கெடத்த மாட்டோம். கூலிக்காரனுக்கு இந்தச் சடங்கே தெரியாது. அப்போ, சாம்பல் போட்டது நம்ம ஆளு. அடுப்பு உன்கிட்டதானே இருக்கு! போட்டப்ப ஓஸ்பர்ட்டுக்கு மூச்சு இருந்திருக்கு. அப்பவே பலகையை ஏம்ப்பா தட்டல?"

தர்ஸ்டன் பொத்தென்று மண்டியிட்டார்.

"பியர் காய்ச்சினேன் சாமி! பண்ணையில பியர் கூடாதுன்னு சட்டம்... ஓஸ்பர்ட் பீப்பாயைப் பாத்துட்டாரு. மடத்துல சொல்லிடுவேன்னாரு. கைக்குக் கெடச்சதை எடுத்து ஒரே போடு... ஆனா மூச்சு இருந்துச்சு! சாம்பல் போடாம ஒரு மனுஷனை நரகத்துக்கு அனுப்பவா? நான் என்ன அவ்வளவு மோசமானவனா?"

கொலையிலும் முறை தவறாத மகான்!

கேமலின் கட்டை அவிழ்த்தார்கள். அவன் விம்மிக்கொண்டே மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டான்.

"இவருக்கு எப்போ தூக்கு சாமி?"

"துறவியை ஷெரீப் தொட முடியாதுப்பா. மடத்துச் சிறைதான். ஆயுசு முழுக்க."

"சாப்பாடு?"

"வெறும் ரொட்டியும் தண்ணியும்."

"தினமுமா?"

"தினமும்தான்."

"ஏர் ஓட்டச் சொல்வீங்களா?"

"அடைச்சு வெச்சவன் எங்கேடா ஏர் ஓட்டுறது?"

கேமல் பயபக்தியோடு தொப்பியைக் கழற்றினான்.

"சபைல புதுசா ஆள் சேர்க்கறீங்களா சாமி?"