மூன்றாம் ஆளின் எடை

ஹாலிஸ் கெர்ரின் வீட்டுக்கு நாங்கள் வண்டி பார்க்கப் போன அன்று, வேலியோரங்களில் பனி இன்னும் அழுக்காகக் கிடந்தது. ஏப்ரல் மாதம். மொன்டானாவில் அதை வசந்தம் என்று சொல்லிக்கொள்வோம், நம்ப மாட்டோம்.

வண்டி கொட்டகைக்குப் பின்னால் நின்றது. உள்ளேயே படுக்கை, அடுப்பு, சாப்பாட்டு மேஜை எல்லாம் அமைந்த பழைய ஆர்.வி. என் கணவன் ஆர்லோ அதைச் சுற்றி வந்து ஒவ்வொரு டயராக உதைத்துப் பார்த்தான். கல்யாணமான நாளிலிருந்து அவன் எனக்குச் சொல்லிவந்த வாக்கு அது. ஒரு கோடையில் வீட்டு வண்டி எடுத்துக்கொண்டு வடக்கே தேசியப் பூங்காவுக்குப் போவது, ஏரிக்கரையில் தங்குவது, மலையில் நடப்பது. ஆனால் மின்கம்பம் ஏறுகிறவனுக்குக் கோடை ஏது? புயலடித்தால் ஓடுவான், காடு எரிந்தால் ஓடுவான். போன வருடம் இதயத்தில் அறுவை செய்தபிறகுதான் வீட்டோடு இருந்தான். சமதரையில் நடக்கலாம், ஏற்றம் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். எங்களுக்கு இன்னும் எத்தனை கோடை வாய்க்கும் என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. வண்டி பார்க்கப் போனோம்.

ஹாலிஸ் எழுபதைத் தாண்டியவர். சாவியைக் கொடுத்தாரே தவிர உள்ளே ஏறவில்லை. ஆர்லோ ஏறினான், வண்டி லேசாகத் தாழ்ந்து நிமிர்ந்தது. நான் ஏறினேன், மறுபடி தாழ்ந்தது. பழைய வண்டிகள் அப்படித்தான், உள்ளே யார் நடந்தாலும் ஸ்பிரிங் சொல்லிவிடும். ஹாலிஸ் வெளியே நின்றபடி வண்டியின் மேல் உள்ளங்கையை வைத்திருந்தார், நாடி பார்ப்பவரைப் போல.

“எங்க கொண்டுபோகப் போறீங்க?”

“வடக்க, பூங்காவுக்கு,” என்றான் ஆர்லோ.

“கடல் பக்கம் போங்க. ஆரிகன் நல்லா இருக்கும்.”

“கடல்ல போயி என்ன பண்றது? எனக்கு நீச்சல் தெரியாது. என்னைக் காப்பாத்த இவளுக்கு மனசும் வராது.”

ஹாலிஸ் சிரிக்கவில்லை. “கடல் பக்கம் போங்க,” என்றார் மறுபடியும், இந்தத் தடவை என்னைப் பார்த்து.

நாங்கள் அந்த வண்டியைத்தான் வாங்கினோம்.

லூயிஸ்டவுனில் எங்கள் வீட்டுப் பக்கவாட்டில் அதை நிறுத்தினோம். சாப்பிட்டு முடித்து, வெயில் சாய்வதற்குள், காப்பிக் கோப்பைகளோடு வண்டிக்குள் போய் உட்கார்ந்துவிடுவோம். வீட்டில் மேஜை இல்லாமலா? ஆனால் அந்தச் சின்ன மேஜையில் வரைபடத்தை விரித்தால் பாதி வழி போய்விட்டதுபோல இருக்கும். பூங்கா வாசலுக்கு வெளியே, லூன் ஏரிக்கரை முகாமில் ஆகஸ்ட் மாதத்துக்கு ஓர் இடத்தை ஆர்லோ பெயரில் பதிந்துவைத்தோம். ஏரியைச் சுற்றிச் சமதரையில் ஒரு பாதை இருந்தது. அதில் நடப்பது என்று முடிவு.

“கரடி வந்தா நீ ஓடிடு க்வென்,” என்றான் ஆர்லோ. “நான் நின்னுக்கறேன்.”

“நீ எங்க நிப்ப? நீதான் முதல்ல ஓடுவ, கிழவா. நெஞ்சுல கைய வச்சுக்கிட்டே ஓடுவ.”

அவன் சிரித்துக்கொண்டே பென்சிலை எடுத்தான். அப்போதுதான் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்தது.

படுக்கை இருக்கும் பக்கம். யாரோ எழுந்து தரையில் கால் ஊன்றியதுபோல. பிறகு மெதுவாக ஓர் அசைவு. இன்னோர் அசைவு. எங்களை நோக்கி.

மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

கோப்பையில் காப்பி ஒரு பக்கமாகச் சாய்ந்து அப்படியே நின்றது. நாங்கள் இருவரும் உட்கார்ந்துதான் இருந்தோம்.

“காத்து,” என்றான் ஆர்லோ.

ஜன்னலுக்கு வெளியே பாப்ளர் மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. உள்ளே ஒரு வாடை வந்தது. நனைந்த கம்பளி. நனைந்து எரியாமல் போன தீக்குச்சி.

மறுநாள் வண்டிக்கு அடியில் ஜாக்கி கொடுத்தான். அதன்பிறகு வண்டி அசையவில்லை. ஆனால் தரை முனகியது, அதே நடையில், அதே இடத்தில் வந்து நின்றது. நான் உள்ளே போவதைக் குறைத்துக்கொண்டேன். மூட்டு வலி என்று சொன்னேன். ஆர்லோ தனியாகப் போனான்.

மே மாதக் கடைசியில் ஒரு நாள் காலைச் சாப்பாட்டின்போது சொன்னான்: “ஏரிப் பாதை வேண்டாம். லாந்தர் கணவாய் வழியா ஏறலாம்.”

அது வரைபடத்தின் வடக்கு மூலையில், உயரம் காட்டும் கோடுகள் நெருங்கிக் கறுத்துக் கிடந்த இடம்.

“மருத்துவர் சொன்னது மறந்துபோச்சா?”

“அவ்வளவு ஏத்தம் இல்ல. ஓடைப் பாலம் உடைஞ்சிருக்கு, ஆனா கொஞ்சம் மேல போனா கல்லுல கால் வச்சுத் தாண்டிடலாம். இடப்பக்கமா போகணும். வலப்பக்கம் பாசி.”

“உனக்கு எப்படித் தெரியும்? நீ அங்க போனதே இல்லையே.”

அவன் முட்டையைக் கிளறிக்கொண்டிருந்தான். யோசித்தான். உண்மையாகவே யோசித்தான், அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

“யாரோ சொன்னாங்க,” என்றான்.

அன்று மாலை அவனைச் சாப்பிடக் கூப்பிட வண்டியருகே போனேன். வெயில் இன்னும் இருந்தது. பக்கத்து வீட்டில் புல் வெட்டும் சத்தம். கதவு சாத்தியிருந்தது, உள்ளே ஆர்லோவின் குரல் கேட்டது. தாழ்ந்த குரல். பேசுவான், நிறுத்துவான், கேட்பான்.

“ஆமா.”

இடைவெளி.

“ஆமா, குளிரத்தான் செய்யும்.”

நான் கைப்பிடியில் கை வைத்தபடி நின்றேன்.

“இல்ல, அவ வரமாட்டா. மூட்டு வலி அவளுக்கு. நான் மட்டும் வரேன்.”

கதவைத் திறந்தேன். ஆர்லோ மட்டும்தான் இருந்தான், வரைபடத்தின் மேல் கையை விரித்துக்கொண்டு. அவனுக்கு எதிரே, நான் வழக்கமாக உட்காரும் இருக்கை காலியாக இருந்தது. அதன் மெத்தை நடுவில் குழிந்திருந்தது.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் குழி மெல்ல மேலெழுந்து நிரம்பியது.

மறுநாள் ஹாலிஸ் வீட்டுக்குப் போனேன். கொட்டகையில் தீவன மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் மூட்டையைக் கீழே வைத்தார்.

“யாரு அது?” என்றேன்.

“ராஸ்கோ. என் தம்பி.” கையுறையைக் கழற்றினார். “இதே வண்டியில ரெண்டு பேரும் சேர்ந்துதான் பூங்காவுக்குப் போனோம். எனக்குக் காய்ச்சல். அவன் மட்டும் லாந்தர் கணவாய் ஏறினான். சாயங்காலம் வந்துடுவேன்னு போனவன். தேடுனாங்க, நாயெல்லாம் விட்டுத் தேடுனாங்க. நான் வண்டியிலயே விளக்கப் போட்டுவச்சு உக்காந்திருந்தேன். பனி வந்து ரோட்ட மூடுற வரைக்கும் இருந்தேன். அப்புறம் போங்கன்னு சொல்லிட்டாங்க.”

“கிடைக்கவே இல்லையா?”

“தொப்பி கூட கிடைக்கல. ஆனா திரும்பி வர்றப்ப, மலை இறங்கி முதல் வளைவுல, பின்னாடி படுக்கையிலருந்து ஒரு ஆள் எழுந்திரிச்ச மாதிரி வண்டி தாழ்ந்துச்சு.” அவர் கண்கள் நிரம்பின. “எனக்குச் சந்தோஷமா இருந்துச்சுங்க. பயமே இல்ல. ஃபிளாஸ்க்ல காப்பி இருக்கு, குடிடான்னு சொன்னேன்.”

நான் ஒரு தீவன மூட்டையின் மேல் உட்கார்ந்தேன்.

“அவன் கெட்டவன் இல்ல. சின்ன வயசுலருந்தே தனியா இருக்கத் தெரியாது, அவ்வளவுதான். ஒரு வருஷம் சும்மா இருந்தான். அப்புறம் கூப்பிட ஆரம்பிச்சான். வா, நான் இருக்கிற இடத்தக் காட்டுறேன்னு. தினமும். ஒரு நாள் பாத்தா நான் பையக் கட்டி வாசல்ல வச்சுட்டேன். எப்ப கட்டினேன்னே தெரியல.”

அவர் கையுறையைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

“கடலுக்குக் கொண்டுபோனா வழி மறந்துடுவான்னு நெனச்சேன்,” என்றார்.

வீடு திரும்பியபோது ஆர்லோ வாசலில் இருந்தான். பழைய முதுகுப்பை ஒன்று அவன் காலடியில் நின்றது. அதன் வார்களை இழுத்து இழுத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தான்.

“ராஸ்கோ செத்துப்போனவன், ஆர்லோ.”

“தெரியும்,” என்றான், தலை நிமிராமல். “அவனுக்குத்தான் அது இன்னும் சரியாத் தெரியல.”

அவனோடு நான் சண்டை போடவில்லை. மறுநாள் மருத்துவப் பரிசோதனைக்கு அவனைக் கொண்டுபோய் விட்டேன். திரும்பி வந்து ஜாக்கியை இறக்கி, வண்டியை எடுத்தேன். பில்லிங்ஸுக்குப் போகும் வழியில் பழைய வண்டிகளை நசுக்கும் ஒரு தளம் இருந்தது. வெட்டவெளி, நேர் ரோடு, இருபுறமும் பச்சைக் கோதுமை. நடுப்பகல். இதில் என்ன பயம் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன்.

ஊர் எல்லை தாண்டியதும் பின்பக்கம் தாழ்ந்தது.

நடந்து வந்தது. மேஜையைத் தாண்டியது.

பக்கத்து இருக்கை கிரீச்சிட்டது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கைகளை மட்டும் பார்த்தேன். வலது கையின் ரோமங்கள் குத்திட்டு நின்றன. அந்தப் பக்கமிருந்து குளிர் வந்தது, குளிர்பெட்டியின் கதவைத் திறந்துவிட்டதுபோல. நனைந்த கம்பளியின் வாடை மூக்கை அடைத்தது.

“இது வழி இல்லையே,” என்றது ஒரு குரல், மிக மெல்ல.

மிரட்டும் குரல் இல்லை. வழி தவறிய ஒருவன் தயங்கிச் சொல்வது போன்ற குரல். அதனால்தான் என்னால் பதில் சொல்ல முடிந்தது.

“ராஸ்கோ,” என்றேன். “எனக்கு அவன் ஒருத்தன்தான் இருக்கான். விட்டுடு.”

கோதுமை வயல்கள் போய்க்கொண்டேயிருந்தன. பிறகு ஒரு பாலத்தின் மேல் போகும்போது, பாரம் இறக்கியதைப் போல வண்டி சட்டென்று மேலெழுந்தது. குளிர் போய்விட்டது. நான் ஓரங்கட்டி நிறுத்தி அழுதேன்.

தளத்தில் அதை நசுக்கும்வரை நின்று பார்த்தேன். இரும்பு மடங்கும் சத்தம் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. அங்கிருந்தே முகாமுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, பதிந்திருந்த இடத்தை ரத்து செய்தேன்.

ஆர்லோ கோபப்படவில்லை. “அப்படியா,” என்றான். இரண்டு நாள் அதிகம் பேசவில்லை. பிறகு சரியானான். ஜூலையில் அவன் முகத்தில் நிறம் திரும்பியது. மாலைகளில் ஊருக்குள் சமதரையில் நடந்தோம், ஐஸ்கிரீம் சாப்பிட்டோம், அடுத்த வருடம் ஆரிகன் போகலாம் என்றான் அவனாகவே. நான் இரவில் நன்றாகத் தூங்கத் தொடங்கினேன்.

ஆகஸ்டில் ஒரு மத்தியானம் தொலைபேசி அடித்தது. ஆர்லோ சமையலறையில் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தான். நான் கூடத்தில் எடுத்தேன்.

“லூன் ஏரி முகாமிலருந்து பேசறேங்க,” என்றாள் ஒரு பெண், கலகலப்பாக. “உங்க கூட்டாளி நேத்தே வந்துட்டாரு. வண்டியக் காணோம், நடந்தே வந்திருக்காரு போல. நீங்க எப்ப வர்றீங்கன்னு கேக்கச் சொன்னாரு.”

“நாங்க அந்த இடத்த ரத்து பண்ணிட்டோமே,” என்றேன்.

“அப்படியா? ஆர்லோ பேர்ல பதிஞ்ச இடம்னு சொன்னாரு, எந்த இடம்னும் சரியாச் சொன்னாரு. பாவம், தொப்பலா நனைஞ்சிருக்காரு. இங்க ஒரு மாசமா மழையே இல்ல, எங்க விழுந்து எழுந்தாரோ. விறகு பொறுக்கி வச்சுக்கிட்டு ஏரியப் பாத்து உக்காந்திருக்காரு. குளிருதுன்னாரு. ஆர்லோ வரட்டும், அதுவரைக்கும் இருக்கேன்னாரு.”

நான் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

சமையலறையில் கத்தியின் சத்தம் நின்றிருந்தது.

“யாரு க்வென்?”

“தப்பான நம்பர்,” என்றேன்.

எட்டிப் பார்த்தேன். கையில் கத்தியோடு ஜன்னலைப் பார்த்து நின்றிருந்தான். வடக்குப் பக்க ஜன்னல். அவன் முகம் அமைதியாக இருந்தது, ஊரிலிருந்து நல்ல செய்தி வந்தவன் முகம்போல.

“அவன் கை பட்ட விறகெல்லாம் ஈரமா இருக்குமே,” என்றான். “தீ மூட்டிட்டானா அவன்?”