பின்சீட்டுப் பாரம்

நயினார் ஐந்தரைக்கு எழுந்தான். குழாயில் தண்ணீர் வந்ததும் இரண்டு டிரம்மையும் நிரப்பினான். டீ போட்டுக் குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். கீழே வந்து பைக்கைத் துடைத்தபோது பின்சீட்டுக் கால்மிதி விரிந்திருந்தது. மடக்கினான். நேற்றும் மடக்கியிருந்தான்.

மாரீஸ்வரி இறந்து பதினாறாம் நாள். கல்யாணமான ஏழு மாதத்தில் அவள் கேட்டது ஒன்றுதான்: ரேவ்தண்டாவின் கடலையும் பழைய போர்த்துக்கீசியக் கோட்டையையும் பார்க்க வேண்டும். மழையில் பைக்கில் கிளம்பினார்கள். வட்கல் ஊரைத் தாண்டிச் சாலையில் ஒரு பள்ளம். அவனுக்கு முழங்கையில் ஏழு தையல். இன்று அவளுடைய அஸ்தி செம்பில், அவன் தோள்பையில். அங்கே கரைத்துவிட்டால் தனியாகத் திரும்பலாம், தூங்கலாம்.

பைக்கைச் சரிசெய்து கொடுத்த பேச்சிராஜா ஒர்க்‌ஷாப் வாசலில் மறித்தான்.

"மாப்ள, கரைச்சதும் திரும்பிப் பாக்காம வந்துரு. வாரேன்னு மட்டும் சொல்லிராத. எழவு வீட்ல சொல்லாமத்தான கெளம்புவோம்."

"தெரியும்ல. நானும் தின்னவேலிக்காரன்தான்."

"கிழிச்ச. பொறந்தது இந்த ஊரு சயான் ஆஸ்பத்திரில."

செம்பூர், நெருள், பன்வேல். டீசல் புகையும் நனைந்த தார் வாசனையும் ஈரக் கருவாட்டு நாற்றமும் ஒன்றன்பின் ஒன்றாக ஹெல்மெட்டுக்குள் புகுந்து தங்கின. நண்பகலிலேயே வானம் இருண்டு லாரிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தன. வட்கல் பள்ளத்தை மூடியிருந்தார்கள். பதினாறு நாளில் மூடிவிட்டார்கள்.

ரேவ்தண்டாவில் இடிந்த கோட்டைச் சுவரை ஆலம்வேர்கள் பிடித்திருந்தன. கரிய மணலில் இறங்கும்போது மாமியார் சண்முகவடிவு போனில் அழைத்தாள்.

"கரைச்சாச்சா மருமவனே? எம்புள்ள கடைசியா என்ன சொன்னான்னு இன்னொரு தடவ சொல்லுங்க."

"அம்மாவப் பாத்துக்கோங்கன்னா அத்தை."

அவள் அழுதாள். பதினாறு நாளாக அதே பொய். அவனுக்கு நாக்குக்கூடக் கூசவில்லை.

இடுப்பளவு நீரில் நின்று செம்பைக் கவிழ்த்தான். சாம்பல் கலைந்து, ஒரு அலையில் காணாமல் போனது. கரையை நோக்கித் திரும்பினான். தினமும் ஆபீசுக்குக் கிளம்பும்போது வாசலில் சொல்லிப் பழகிய வாய் தானாகச் சொன்னது:

"வாரேன் மாரி."

அலைச் சத்தம் நின்றது. ஒரு மூச்சளவு. மறுபடி வந்தது.

பைக்கில் ஏறி உதைத்தான். பின்சக்கரத்து ஸ்பிரிங் கிறீச்சிட்டு அமுங்கியது. ஒரு பக்கமாக, சேலை கட்டிய பெண்கள் உட்காருவதுபோல.

திரும்பிப் பார்க்கவில்லை.

அலிபாக் வரை மழையின் சத்தம் மட்டும். அப்புறம் முதுகில் ஈரம், மழையைவிடக் குளிர்ந்தது. கழுத்தில் மூச்சு. முழங்கைத் தையலை ஒரு விரல் ஒவ்வொன்றாகத் தடவியது. ஏழாவதில் நின்று அழுத்தியது.

"எறங்கு மாரி," என்றான். "தாயே, எறங்கிரு."

இரண்டு கைகள் இடுப்பைச் சுற்றின. நனைந்த சாம்பல் நிறம். விரல்கள் கோத்து இறுகின. சட்டையில் பிசுபிசுவென்று ஒட்டின.

பிரேக்கை மிதித்தான். முன்பிரேக்கையும் பிடித்தான். வேகம் குறையவில்லை. அறுபது. எழுபது. அன்றைக்குப் போன அதே வேகம். எதிரே வட்கல் பலகை. மூடியிருந்த பள்ளம் வாய் திறந்து கிடந்தது.

காதோரம் அவள் குரல். அன்றைக்குக் கடைசியாகச் சொன்னதையே சொன்னது, கெஞ்சாமல், கோபப்படாமல்:

"ஏங்க, வண்டிய நிறுத்துங்க. நான் எறங்கிக்கிடுதேன்."