ஐலாவின் புதுப் பூட்டு

நீராவிக் குளியலறையான சவுனாவின் மேல்பலகை ஈரமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை ஐலாவின் முறை. அதற்கு முந்தைய முறை யாருக்கும் கிடையாது. தாம்பெரே நகரின் அந்தக் கட்டடத்தில் அடுத்தவர் சவுனா முறையில் அடித்தளத்துக் கதவை யாரும் தொடக்கூட மாட்டார்கள். ஆனாலும் அடுப்புக் கற்களின் மேல் யாரோ இப்போதுதான் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போன சூடான வாசமும், அந்தக் கட்டடத்தில் தான் மட்டுமே தேய்த்துக் குளிப்பதாக அவள் நினைத்திருந்த தார் சோப்பின் புகைமணமும் கலந்து இருட்டில் அவள் முகத்தில் வந்து மோதின. யாராவது இருக்கிறீர்களா என்று மெதுவாகக் கேட்டாள். குழாய் மட்டும் சொட்டியது.

மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். ஐலாவுக்கோ மடியில் இருந்ததையெல்லாம் உருவிக்கொண்டு போன பிறகுதான் பயமே வந்தது. அவள் போய்வந்த மனநல மருத்துவமனையின் கோப்புகளை யாரோ திருடிவிட்டார்கள். பெயர், அடையாள எண், முகவரி, மருத்துவரிடம் அழுதபடி சொன்னது, எல்லாமே போயிற்று. அன்றிலிருந்து அவள் சும்மா இருக்கவில்லை. தன் பேரில் எவரும் கடன் வாங்க முடியாதபடி தடை போட்டாள். முகவரியை மாற்ற முடியாதபடி இன்னொரு தடை. எதிர்வீட்டு ஹில்க்காவிடம், என் பேரைச் சொல்லிக்கொண்டு எவளாவது வந்தால் நம்பாதே, போலீசைக் கூப்பிடு என்று சொல்லி வைத்தாள். சொன்ன பிறகு ஹில்க்கா மேலேயே சந்தேகம் வந்தது. ஏன் அவ்வளவு அக்கறையாகக் கேட்டுக்கொண்டாள்?

கடைசியாக வீட்டுப் பூட்டு. கட்டடப் பராமரிப்பு ஆள் எஸ்கோவுக்கு இன்று மாலைதான் ஒழிந்தது. வேறு ஊர்க்காரியாக இருந்தால் பூட்டு மாற்றும்வரை வாசலிலேயே நின்றிருப்பாள். இவள் அங்கேயே பிறந்தவள், சவுனா முறையை விடுவாளா? உங்களிடம் மாஸ்டர் சாவி இருக்கிறதே, மாற்றி வையுங்கள், நான் கீழே இருப்பேன் என்று சொல்லிவிட்டாள். எஸ்கோ வேலைக்குப் புதுசு, அவள் முகம் தெரியாது. அதனால் தொலைபேசியில் ஒரு ரகசிய வார்த்தையும் கொடுத்து, அதைச் சொல்கிறவளிடம் மட்டும் சாவியைத் தரச் சொல்லியிருந்தாள்.

அந்த ஈரப் பலகையில் அவளால் உட்கார முடியவில்லை. அங்கியைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறினாள். எஸ்கோ கருவிப் பையோடு எதிரே இறங்கி வந்தான். சாவியைக் கேட்டாள்.

"இப்பதானே ஐலா கையில குடுத்தேன்," என்றான். "சவுனால இருந்து நேரா வந்தாங்க. தலையெல்லாம் ஈரம். அடையாள அட்டை காட்டினாங்க, வார்த்தையும் சொன்னாங்க."

"என்ன வார்த்தை?"

"அத நீங்கதான் சொல்லணும்."

"வில்யா," என்றாள்.

எஸ்கோ சுவரோடு ஒட்டிக்கொண்டான். "இதையும் சொன்னாங்க. ஒருத்தி வருவா, அதே வார்த்தையச் சொல்லுவா, நம்பிராதீங்கன்னு." அவளைத் தொடாமல் ஒதுங்கி, வேகமாக இறங்கிப் போய்விட்டான்.

வில்யா, பிறக்காமலே போன மகளுக்கு அவள் மனசுக்குள் வைத்திருந்த பேர். பிரிந்து போன கணவனுக்குக்கூடத் தெரியாது. உலகத்தில் எவருக்குமே தெரியாது என்றுதான் அதைக் கொடுத்தாள். ஒரே ஒருமுறை, மருத்துவரின் அறையில், வாய்விட்டுச் சொல்லியிருந்தது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஓடினாள். ஹில்க்காவின் கதவைத் தட்டினாள். சங்கிலி அளவுக்குக் கதவு திறந்தது. ஒரு கண் தெரிந்தது.

"ஹில்க்கா, நான்தான்."

"ஐலா வீட்டுல இருக்கா," என்றாள் ஹில்க்கா. "நீ வருவேன்னு அவ முன்னாடியே சொல்லி வச்சிருக்கா. அடிப்பாவி, முகத்தக்கூட விட்டு வைக்கலியே நீ. போலீசுக்குச் சொல்லியாச்சு."

கதவு மூடியது.

படிக்கட்டு விளக்கு அணைந்தது. தடவித் தடவித் தன் வாசலுக்கு வந்தாள். பழைய சாவி நுழையவில்லை. காதை வைத்தாள். உள்ளே செருப்புச் சத்தம். ஒரு இருமல். அவளுடைய இருமல்.

"யாரு?" அவள் குரல்தான்.

கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். கதவு திறக்கவில்லை.

தடதடவென்று ஓடிவரும் காலடி. சின்னக் காலடி. கதவில் கடிதம் போடும் துவாரத்தின் மூடி உயர்ந்தது. ஒரு கீற்று வெளிச்சம். நான்கு விரல்கள். குட்டியாக. ஈரமாக.

"அம்மா, வெளிய ஒருத்தி நிக்கிறா."

"கைய உள்ள எடு வில்யா. அவ யாருமில்ல."

விரல்கள் உள்ளே போகவில்லை. ஐலாவின் அங்கிக் கயிற்றைத் தேடிப் பிடித்தன. இழுக்கத் தொடங்கின.